நுணலுக்குப் பெயர் வைத்தவர்கள்

ஐப்பசி அடைமழையில் எங்கள் தோப்பை ஒட்டிய ஓடைக்கரையில் நின்றால் காலுக்கடியில் இருந்து சத்தம் வரும். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தாத்தா குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஈர மண்ணில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். உள்ளே யாரோ மண்பானையை விரலால் தட்டுவது போல ஒரு குரல். தோண்டிப் பார்த்துவிடலாம் என்று நான் மண்வெட்டியைத் தேடினால் கையைப் பிடித்துக்கொள்வார். “நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதை நாம் கெடுக்க வேண்டாம், விடு” என்பார்.

மணலுக்குள் புதைந்து கிடக்கிற நுணல் சும்மா இருந்தால் யார் கண்ணிலும் படாது, கத்தித்தான் மாட்டிக்கொள்கிறது. வாயை அடக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லப்படும் பழமொழி இது. ஆனால் அதைச் சொன்னவர், மழை இரவில் மண்ணுக்குள் இருந்து வரும் குரலை நின்று கேட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நுணல் என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை வகைத் தவளைகள் அடங்கியிருக்கின்றன என்பது அன்று எனக்குத் தெரியாது.

2017-இல் நான் விலங்கியல் முதுகலை முடித்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியில் புதிய தவளை இனம் கண்டறியப்பட்டது என்ற செய்தியை அந்த ஆண்டு படித்தேன். உப்பிய உடல், குட்டைக் கால்கள், பன்றிக்கு இருப்பது போன்ற கூர்மூக்கு. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் இருந்துவிட்டு, மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் இணை தேடி மேலே வருவது. எங்கள் மலை! எங்கள் ஓடை! தாத்தாவின் நுணல் இதுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்று புரிய, அடுத்த இரண்டு மழைக்காலங்கள் ஒரு தவளை ஆய்வாளரிடம் களஉதவியாளராக வேலை பார்க்க வேண்டியிருந்தது.

அந்தத் தவளையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் மூத்த உறவு கேரளப் பக்கம் இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த ஊதா நிறத் தவளை ஒன்றை 2003-இல் எஸ். டி. பிஜுவும் பிரான்கி போசைட்டும் நேச்சர் இதழில் விவரித்து, நாசிகாபாட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். நாசிகா என்றால் மூக்கு. பாட்ராகஸ் என்பது தவளைக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. சஹ்யாத்ரி நம் மேற்குத் தொடர்ச்சி மலை. மலையாளத்தில் அதைப் பாதாளத் தவளை என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். ஏழு சென்டிமீட்டர் நீளம், மண்ணுக்குள் கறையான் தின்று வாழும் வாழ்க்கை. அதற்கென்று ஒரு புதிய குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் எங்கும் இல்லை. கடலுக்கு அப்பால் சேஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். இந்தியாவும் சேஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து வம்சம் இது.

இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு செய்தி. இந்தத் தவளையின் தலைப்பிரட்டையை நெல்சன் அன்னண்டேல் 1918-லேயே விவரித்து வைத்திருந்தார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர். பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு காட்டாற்றின் வேகத்தைத் தாங்கி நிற்கிற விசித்திரமான தலைப்பிரட்டை. பிள்ளை கையில் இருக்கிறது, தாய் யார் என்று தெரியவில்லை. 2003 வரை 85 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. கொட்டும் மழையில், சரியான இரவில், சரியான ஓடையில் நிற்காதவரை அந்தத் தாய் கண்ணில் படப்போவதில்லை. மலைவாழ் மக்களோ தலைமுறை தலைமுறையாக அவளை அறிந்தே இருந்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தவளை அடுத்த கட்டம். மலையின் கிழக்குச் சரிவில் கிடைத்தது, மேற்கில் இருப்பதன் கிளைதானா, தனி இனமா? ஜனனி, ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கார்த்திகேயன் வாசுதேவன், சுஷில் குமார் தத்தா முதலானவர்கள் சேர்ந்து 2017-இல் அலைடீஸ் இதழில் அதைத் தனி இனம் என்று நிறுவினார்கள். உடலமைப்பும் மரபணுவும் வேறுபட்டன. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: மழை. மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இணை சேர்கிறது. கிழக்குச் சரிவுத் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரே மலையின் இரண்டு பக்கங்கள், இரண்டு மழைகள். ஒன்று வெளியே வரும் மாதத்தில் மற்றொன்று மண்ணுக்குள் இருக்கிறது. ஆனிச் சாரலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி என் அனுபவம். 2018-இல் நான் சேர்ந்த ஆய்வு புதர்த்தவளைகளைப் பற்றியது. கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் சின்னஞ்சிறு தவளைகள். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழு உருவம் பெற்று, குட்டித் தவளையாகவே வெளியே வரும். மேகமலைக்கு மேலே, சோலையின் விளிம்பில், இரவு எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குவோம். ஆய்வாளரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்கு வழிகாட்டியாக பளியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் வருவார். அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும், நெற்றியில் விளக்கு, என் தோளில் ஒலிப்பதிவுக் கருவி.

அந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. “டிக்… டிக்… டிக்” என்று இடைவெளிவிட்டு ஒரு குரல். அண்ணன் கையை உயர்த்தினார். மூவரும் விளக்கை அணைத்தோம். இருட்டில் குரலின் திசையைப் பிடிப்பது எளிதல்ல. தலையைத் திருப்பத் திருப்பக் குரலும் இடம் மாறுவது போல இருக்கும். கால்மணி நேரம் கழித்து அண்ணன் ஓர் இலையைச் சுட்டினார். என் முகத்துக்கு அரையடி தூரத்தில், இடுப்புயரச் செடியின் இலைமேல் அது உட்கார்ந்திருந்தது. கத்தும்போது தொண்டைப் பை அதன் தலையைவிடப் பெரிதாக உப்பியது. நீர்க்குமிழி போல மெல்லிய தோல். விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பிடித்தபோது அதன் வழியாக வெளிச்சம் ஊடுருவியது. ஒவ்வொரு “டிக்”குக்கும் அந்தச் சிறிய உடல் முழுவதும் ஒருமுறை குலுங்கி, இலையும் சேர்ந்து ஆடியது.

அக்கா முதலில் எடுத்தது வெப்பமானியை. பதினாறு டிகிரி. அதைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் ஒலிப்பதிவைத் தொடங்கச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அது சடங்கு போலத்தான் பட்டது.

பிடித்த தவளையின் நிறத்தை உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்து, எழுதியும் வைக்க வேண்டும். முதுகு, வயிறு, தொடையின் உள்பக்கம், அடிவயிற்று மடிப்பு என்று தனித்தனியாக. முதுகையும் வயிற்றையும் எடுத்த நான், கை விறைத்துப்போன குளிரில் தொடை மடிப்பைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இரவோடு இரவாக அக்கா மாதிரியைப் பதப்படுத்திவிட்டார். மறுநாள் பார்த்தபோது தொடை மடிப்பில் நான் கண்ட மஞ்சள் இல்லை. வெளிறிய சாம்பல் நிறம்தான் இருந்தது. திரவத்தில் நிறம் நிற்காது. அந்த மஞ்சள் இரண்டு இனங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக இருந்திருக்கலாம். அக்கா திட்டவில்லை. கள நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, “நிறம் பதிவு செய்யப்படவில்லை” என்று எழுதச் சொன்னார். நினைவிருக்கிறதே, மஞ்சள் என்று எழுதிவிடலாமே என்றேன். கூடாது என்றார். அந்த வெறும் கட்டத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

காட்டில் ஓர் இரவு என்றால் ஆய்வகத்தில் ஓராண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புதிய இனம் என்றதும் காட்டில் ஒருவர் “கண்டுபிடித்துவிட்டேன்” என்று கூவும் காட்சிதான் எல்லோர் மனதிலும் வருகிறது. உண்மையில் அந்த இரவில் யாருக்கும் எதுவும் தெரியாது. இது புதியது என்று சொல்ல, இதற்குமுன் பெயர் பெற்ற ஒவ்வொன்றும் இது இல்லை என்று காட்ட வேண்டும். அந்த வேலை கண்ணாடிக் குப்பிகளுக்கும் பழைய ஏடுகளுக்கும் நடுவில் நடக்கிறது.

ஒவ்வோர் இனத்தின் பெயரும் ஓர் உடலின் மேல் நிற்கிறது. அதை ஹோலோடைப் என்பார்கள். இனத்தை முதலில் விவரித்தவர் “இந்தப் பெயர் இந்த உடலுக்குரியது” என்று தேர்ந்து வைத்த ஒற்றை மாதிரி. பிற்காலத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்தக் குப்பியிடம்தான் திரும்பிப் போக வேண்டும். தென்னிந்தியத் தவளைகளில் கணிசமானவை பிரிட்டிஷ் காலத்தில் சேகரிக்கப்பட்டு லண்டனில் இருக்கின்றன. அங்கே நேரில் போகிறவர்கள் அளந்து படமெடுத்து அனுப்பினால் உண்டு. இதைவிடக் கடினமானது குப்பியே இல்லாத நிலை. பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் இருந்த சி. ஆர். நாராயண ராவ் 1937-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகள் பலவற்றை விவரித்தார். அவர் கல்லூரியில் வைத்திருந்த மூலமாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. எஞ்சியவை அவர் எழுதிய பத்திகள் மட்டுமே. ஒரு தவளையைக் கையில் வைத்துக்கொண்டு, ராவ் எழுதியது இதைத்தானா என்று வரி வரியாகத் துழாவிய பகல்கள் எனக்குண்டு. அவர் நினைவாகத்தான் நாங்கள் ஆராய்ந்த புதர்த்தவளைகளின் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு, 2010-இல் ராவோர்கெஸ்டஸ் என்று பெயர் வைத்தார்கள். தொலைந்த குப்பிகளுக்கு ஈடாக ஒரு பேரினம். எனக்கு அதில் பெரிய நிறைவு உண்டு.

அளவெடுப்பதையும் சொல்ல வேண்டும். மூக்கு நுனியில் இருந்து பின்துளை வரை உடல் நீளம், தலையின் அகலம், கண்ணின் விட்டம், கண்ணுக்கும் நாசித்துளைக்கும் இடையிலான தூரம், தொடை, கெண்டைக்கால், பாதம், விரல் நுனித் தட்டின் அகலம், விரல்களுக்கு இடையே சவ்வு எந்தக் கணு வரை இறங்குகிறது என்பது. இருபதுக்கும் மேற்பட்ட அளவுகள், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை. எல்லாவற்றையும் ஒரே ஆள் அளக்க வேண்டும்; கை மாறினால் அளவும் மாறும். காலிப்பரைக் கொஞ்சம் அழுத்தினாலே தலையின் அகலம் குறைந்துவிடும். அக்கா அளக்க, நான் எழுதுவேன். ஒரு நாளில் ஏழெட்டுத் தவளைகளுக்கு மேல் முடியாது.

கடைசியில் என்ன ஆயிற்று? நாங்கள் புதிது என்று நம்பிய அந்தத் தவளை புதிது இல்லை. மரபணு முடிவு வந்தபோது, ஏற்கெனவே பெயருள்ள ஓர் இனத்தில் இருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. தவளைகளில் இந்த ஒப்பீட்டுக்கு வழக்கமாகப் பயன்படும் 16எஸ் மரபணுவில் மூன்று சதவீத அளவு விலகல் இருந்தால்தான் சந்தேகமே வலுக்கும். அதுகூடத் தனியாகப் போதாது. அப்படியானால் குரல் ஏன் அவ்வளவு மெதுவாக இருந்தது? அந்தப் பதினாறு டிகிரிதான் காரணம். தவளை குளிர்ரத்தப் பிராணி. குளிரில் அதன் தசையும் மெதுவாகவே இயங்கும், குரலின் துடிப்பும் இடைவெளிவிட்டு வரும். அதே இனத்தின் குரலை வேறொருவர் சூடான இரவில் பதிவு செய்திருந்தார். வெப்பநிலைக்கு ஏற்பக் கணக்கிட்டுப் பார்த்தபோது இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. வெப்பமானியில் பார்த்து எழுதிய அந்த ஓர் எண் இல்லாவிட்டால், இல்லாத ஓர் இனத்துக்குப் பெயர் வைத்திருப்போம்.

எனக்கு அன்று அழுகை வந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தவறான பெயர் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால் அதை நீக்க இன்னொருவர் பத்தாண்டு உழைக்க வேண்டும் என்றார். அவசரமாக அறிவித்துவிட்டுப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற போக்கு இத்துறையில் பெருகி வருவதாக எனக்குத் தோன்றுகிறது. அதை நான் ஏற்கவில்லை. வயநாட்டின் குறிச்சியர்மலையில் 2010-இல் கண்ணில் பட்ட ஒரு சிறு தவளையை, ஆரஞ்சு வயிறும் முதுகில் நட்சத்திரம் போன்ற புள்ளிகளும் கொண்டதை, 2019-இல்தான் அஸ்ட்ரோபாட்ராகஸ் குறிச்சியானா என்று வெளியிட்டார்கள். எலும்புகளை ஸ்கேன் செய்து, அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டு, அது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனி வம்சம் என்று உறுதி செய்த பிறகு. ஒன்பது ஆண்டுகள்! அங்கே வாழும் குறிச்சியர் மக்களின் பெயரையே அதற்கு வைத்தது அந்தக் காத்திருப்புக்கு ஏற்ற முடிவு.

கொல்வதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. விவரிப்பதற்கு உடல் வேண்டும். வனத்துறை அனுமதியில் எத்தனை என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான் எடுக்கலாம். மயக்க மருந்துக் கரைசலில் தவளையை இறக்கினால் அது மெல்ல அசைவற்றுப் போகும். முதல்முறை நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மரபணுவுக்காகத் தொடைத் தசையில் அரிசி அளவு வெட்டி ஆல்கஹாலில் போட்டு, உடலைப் பார்மலினில் விறைக்கவைத்து, காலில் எண் எழுதிய சீட்டை நூலால் கட்டுவார்கள். படமும் குரலும் மட்டும் போதாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போதாது என்றே சொல்கிறேன்; நூறு ஆண்டு கழித்து வருகிறவர் நாம் கேட்க மறந்த கேள்வியோடு வருவார், அதற்குப் படம் விடை சொல்லாது. ஆனால் அந்தச் சீட்டைக் கட்டும்போது விரல் நடுங்காமல் கட்டியவரை நான் பார்த்ததில்லை.

இலங்கையின் கதை இதைவிட வலி தருவது. சூடோபிலாட்டஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தில் மாயா, பார்டஸ் என்ற இரண்டு இனங்கள் 2007-இல் பெயர் பெற்றன. 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்த பழைய மாதிரிகளில் இருந்துதான் அவற்றை அடையாளம் கண்டார்கள். காட்டில் தேடினால் அவை இல்லை. பெயர் சூட்டு விழாவும் இரங்கல் குறிப்பும் ஒரே கட்டுரையில். உலகின் நீர்நில வாழ்விகளில் ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. பெயர் இல்லாத தவளை அந்தக் கணக்கில்கூட வராது.

பெயருக்கு விதிகள் உண்டு. ஆணின் பெயரை ஒட்டி என்றால் ஓர் ஈறு, பெண்ணுக்கு வேறோர் ஈறு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அழகல்ல என்பது மரபு. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தவளைக்கு நாசிகாபாட்ராகஸ் பூபதி என்று பெயர். கோவையில் உள்ள சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக வைத்தது. 2014 ஏப்ரல் 28 அன்று அகத்தியமலையில் களப்பணியின்போது அவர் உயிரிழந்தார். அவரை நான் பார்த்ததில்லை. அவர் நடந்த அதே தொடர்மலையில் நடந்தவர்களிடம் வேலை கற்றிருக்கிறேன், அவ்வளவே. பூ என்றால் பூமி, பதி என்றால் தலைவன். ஆண்டில் சில நாட்கள் தவிர மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் வாழ்கிற உயிருக்கு, மண்ணுக்கு அதிபதி என்று பொருள்படும் பெயர் தற்செயலாக அமைந்துவிட்டது. இந்திய மொழிகள் அறியாதவர்களுக்கு இது உடனே கேட்காது. நமக்குக் கேட்கிறது.

தாத்தா இப்போது இல்லை. தோப்பு பெரியப்பா வசம் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் நான்கு நாள் மழை விடாமல் பெய்தபோது, வெப்பமானியும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு போனேன். ஓடையில் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கரையோரம், பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மண்ணுக்குள் இருந்து அந்தப் பானைத் தட்டல் கேட்டது. இருபத்துமூன்று டிகிரி. ஆறு நிமிடம் பதிவு செய்தேன். மறுநாள் அக்காவுக்கு அனுப்பினேன். அடிவாரத் தோப்புகளில் மண்ணுக்குள் புதையும் தவளைகள் ஒன்றல்ல, சில உண்டு. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரலை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல மாட்டேன் என்று அவர் பதில் எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: “உடலைப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை அக்கா என்று எழுதினேன். நோட்டில் தேதி, நேரம், வெப்பநிலை எல்லாம் நிரப்பி, இனம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.